நல்லம்பள்ளி வீடு: வாட்ஸ்அப் குழு

மல்லிகா சித்தி: கார் காரிமங்கலம் தாண்டி நின்றுவிட்டது. சீர்த்தட்டு எல்லாம் பின்சீட்டில் இருக்கிறது. யாராவது உடனே வாருங்கள்.

ராஜாமணி பெரியப்பா: என்ன ஆயிற்று?

கார்த்தி: பெட்ரோல் தீர்ந்துவிட்டது பெரியப்பா. ஆனால் மீட்டரில் முள் முழு டேங்க் காட்டுகிறது.

செல்வி அத்தை: அப்பா இருந்தவரை அந்த அம்பாசடர் வழியில் நின்றதே இல்லை.

தினேஷ்: நான் பைக்கில் பெட்ரோல் கொண்டு வருகிறேன் சித்தி.

ராஜாமணி பெரியப்பா: நலங்கு வைத்த பிள்ளை வெயிலில் அலையக் கூடாது. நீ வீட்டிலேயே இரு.

பர்கூர் மாமா: நான் காவேரிப்பட்டணத்தில்தான் இருக்கிறேன். வாங்கிக்கொண்டு வருகிறேன். கார்த்தி, நிழலில் நில்.

மல்லிகா சித்தி: பங்க்கில் பெட்ரோல் போட்டபோதே முள் கீழே இறங்கியது. அளவு குறைகிறது என்று கார்த்தி அந்தப் பையனிடம் சண்டைக்குப் போனான். பாவம், அவன் மேல் தப்பே இல்லை போலிருக்கிறது.

குமரேசன் சித்தப்பா: போட்டால் இறங்குகிறது, ஓடினால் ஏறுகிறது. அப்படித்தானே? எல்லோரும் பொறுமையாகப் படியுங்கள். மீட்டரும் நல்ல மீட்டர், டேங்க் யூனிட்டும் நல்ல யூனிட். இரண்டுக்கும் பொருத்தம்தான் இல்லை. டேங்குக்குள் ஒரு மிதவை இருக்கிறது. அது ஏறி இறங்கும்போது மின்தடை மாறுகிறது. மீட்டர் படிப்பது அந்தத் தடையைத்தான். பெட்ரோல் இருக்கிறதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. நம் 1978 காரின் யூனிட்டைப் பொங்கலுக்கு மல்டிமீட்டர் வைத்து அளந்தேன். டேங்க் காலியாக இருந்தால் 240 ஓம், நிரம்பினால் 30 பக்கம். புதிதாகப் போட்டிருக்கும் மீட்டர் 10–180 வகை. அதற்கு 10 ஓம் என்றால் காலி, 180 என்றால் முழு டேங்க். நம் டேங்க் வற்றி 240 காட்டினால் அந்த முள் முழு டேங்கையும் தாண்டித்தானே போகும்?

கார்த்தி: 👍

செல்வி அத்தை: மாங்கொத்துக்கு யார் சொல்லியிருக்கிறீர்கள்? பந்தலுக்கு நாளைக் காலையே வேண்டும்.

தினேஷ்: அப்படியென்றால் டேங்க்கை நிரப்பினால் காலி என்று காட்டுமா சித்தப்பா?

குமரேசன் சித்தப்பா: ஆமாம். 30 ஓம் அதற்குக் கிட்டத்தட்ட காலி டேங்க். மீட்டரின் அழகை மட்டும் பார்த்து வாங்கினால் இப்படித்தான் ஆகும். யாரைக் கேட்டு மாற்றினீர்கள்?

ராஜாமணி பெரியப்பா: மாப்பிள்ளை அழைப்புக்கு டேஷ்போர்டு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று பட்டறையில் சொன்னேன். பழைய மீட்டரில் எண்ணே தெரியவில்லை. காரை இத்தனை வருடம் வெயில் படாமல் வைத்துக் காப்பாற்றுகிறவன் நான். இதற்கும் அனுமதி கேட்க வேண்டுமா?

செல்வி அத்தை: காப்பாற்றினீர்கள் அண்ணா, இல்லை என்று யாரும் சொல்லவில்லை. மாந்தோப்புப் பாகத்திலும் இதையேதான் சொன்னீர்கள்.

மல்லிகா சித்தி: அண்ணி, அது இப்போது வேண்டாமே. நான் ரோட்டில் நிற்கிறேன்.

பர்கூர் மாமா: மேம்பாலம் பக்கத்தில் வந்துவிட்டேன். தெரிகிறீர்கள்.

குமரேசன் சித்தப்பா: இன்ஜின் சூட்டைக் காட்டும் ஹீட் மீட்டரையும் மாற்றியிருக்கிறார்களா? சென்சார் பழையதா, புதியதா?

ராஜாமணி பெரியப்பா: மீட்டர் மட்டும்தான்.

குமரேசன் சித்தப்பா: எனக்கு அதுதான் பெரிய கவலை. வெள்ளிக்கிழமை மேட்டூர்ப் பெரியம்மாவை அழைத்துவர இதே கார் தொப்பூர் ஏற்றம் ஏற வேண்டும். வேறு காரில் ஏற மாட்டேன் என்று அவர்கள் சொல்லியாயிற்று. தண்ணீர் சூடேறச் சூடேற அந்த சென்சாரின் தடை குறையும். ஒரே சூட்டில் ஒரு சென்சார் காட்டும் ஓம் வேறு, இன்னொன்று காட்டுவது வேறு. ஜோடி மாறினால் ரேடியேட்டர் கொதித்துக்கொண்டிருக்கும், முள் நடுவில் நிம்மதியாக நிற்கும். இன்ஜின் தலைக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போன பிறகுதான் நமக்குத் தெரியும். மல்லிகா, வந்ததும் ஒரு பாத்திரம் கொடு. சென்சாரைக் கழற்றி, அதன் முனை மட்டும் வெந்நீரில் மூழ்கும்படி பிடித்து, 60, 80, 90 டிகிரியில் ஓம் அளந்துவிடுகிறேன்.

மல்லிகா சித்தி: ரசச் சட்டியைத் தொடக் கூடாது. மாட்டுக்குத் தண்ணீர் காய்ச்சும் குண்டா கொல்லையில் இருக்கிறது.

தினேஷ்: கடையில் ஒரு சென்சார் இருக்கிறதாம். மரை சரியாக ஏறுகிறது என்கிறார்கள். வாங்கட்டுமா?

குமரேசன் சித்தப்பா: மரை ஏறினால் போதாது. சூடு அதிகமானால் விளக்கு எரிய வைக்கும் சுவிட்சும் பார்க்க அப்படியே இருக்கும். அதில் விளக்கு எரியும், அணையும், அவ்வளவுதான். குளிர்ந்திருக்கும்போது மல்டிமீட்டர் வைத்துப் பார். சுவிட்ச் என்றால் தொடர்பே காட்டாது, சென்சார் என்றால் ஏதாவது ஓம் காட்டும். மாட்டும்போது மரையில் டெஃப்லான் டேப்பை அடர்த்தியாகச் சுற்றாதே. அதன் உடம்பு வழியாகத்தான் எர்த் கிடைக்கிறது.

கார்த்தி: கார் ஸ்டார்ட் ஆகிவிட்டது. கிளம்புகிறோம்.

செல்வி அத்தை: மாங்கொத்து?

ராஜாமணி பெரியப்பா: இப்போது என்னதான் செய்யச் சொல்கிறாய் குமரேசா?

குமரேசன் சித்தப்பா: இரண்டு வழி அண்ணா. புது மீட்டருக்கு ஏற்ற 10–180 டேங்க் யூனிட் வாங்கலாம். ஆனால் மிதவையின் கை நம் டேங்க்கின் ஆழத்துக்குச் சரியாக இருக்க வேண்டும், திருகு ஓட்டைகளும் பொருந்த வேண்டும். இரண்டு நாளில் கிடைக்காது. பழைய மீட்டர்களையே திரும்ப மாட்டுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. அவற்றுக்கு 10 வோல்ட் கொடுக்கிற சின்ன ஸ்டெபிலைசர் ஒன்று டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும். அதை எறிந்துவிடவில்லையே? பேட்டரியின் 12 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் இரண்டு முள்ளும் கூடுதலாகவே காட்டும்.

ராஜாமணி பெரியப்பா: ஸ்டெபிலைசரைப் பட்டறையில்தான் கேட்க வேண்டும். மீட்டர்கள் இங்கே இல்லை.

குமரேசன் சித்தப்பா: எங்கே?

செல்வி அத்தை: எங்கள் வீட்டில். அப்பா ஓட்டிய காரின் மீட்டர் பழைய இரும்புக் கடைக்குப் போகக் கூடாது என்று உங்கள் மாமாதான் எடுத்து வந்து துடைத்து வைத்திருக்கிறார்.

ராஜாமணி பெரியப்பா: என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

செல்வி அத்தை: நீங்கள் மாற்றுவதற்கு முன் எங்களிடம் சொன்னீர்களா அண்ணா?

தினேஷ்: அத்தை, மாமா இங்கே வரும்போது கொண்டுவரச் சொல்லுங்கள். எனக்குத் தாத்தாவின் மீட்டரோடுதான் அந்தக் காரில் உட்கார வேண்டும். எண் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

பர்கூர் மாமா: வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இரவு வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறேன்.

ராஜாமணி பெரியப்பா: எதற்கும் வாடகைக் கார் ஒன்றுக்குச் சொல்லி வைக்கிறேன்.

குமரேசன் சித்தப்பா: சொல்லி வையுங்கள். முன்பணம் மட்டும் நாளை மாலை வரை கொடுக்காதீர்கள். கார்த்தி, தர்மபுரியில் டேங்க்கை நிரப்பிவிட்டு வா. முள் காலியில் நிற்கும், அதைப் பார்த்துப் பதறாதே.

செல்வி அத்தை: மாங்கொத்துக்கு நானே சொல்லிவிடுகிறேன்.