புல்தரைக்கு அடியில் வெள்ளைப்புழு: எந்தப் புல் தாங்கும்?

சாட்ஸ்வர்த்வாசி:
வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் உள்ள எங்கள் வீட்டு முற்றத்தில் வெயில் படும் பக்கம் கிகுயு புல்லும் மாமர நிழலில் பஃபலோ புல்லும் வளர்க்கிறோம். மூன்று வாரங்களாக ஹடீடாப் பறவைகள் விடியற்காலையிலேயே கத்திக்கொண்டு வந்திறங்கி, வளைந்த அலகால் தரையெங்கும் துளையிடுகின்றன. நேற்று மண்ணைப் புரட்டியபோது, ஒரு சாண் சதுரத்துக்குள் நான்கு வெள்ளைப்புழுக்கள் (வண்டின் இளம்புழுக்கள்) பழுப்புத் தலையோடு சுருண்டு கிடந்தன. கிகுயு இன்னும் பச்சையாகவே இருக்கிறது. நிழல் பக்கம்தான் வெளுத்திருக்கிறது. சித்திரைக் காவடிக்கு உறவினர் வருமுன் மருந்து அடிக்க வேண்டுமா, புல்லே தாங்கிக்கொள்ளுமா?

டோங்காட் கரும்புக்காரன்:
தம்பி, உங்கள் சாண் கணக்கைச் சதுர அடிக்கு மாற்றினால் ஏறத்தாழ ஏழு புழு வருகிறது. சதுர அடிக்கு ஐந்து முதல் பத்து என்பது குளிர்நாட்டுப் புற்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் எல்லை. நீரும் உரமும் குறையாத கிகுயுவும் அருகம்புல்லும் அதற்கு மேலும் தாங்கும். புழு வேரைத் தின்னும் கோடைக் காலத்தில்தான் இவ்வகைப் புற்கள் மிக வேகமாக வளர்கின்றன. போன வேருக்கு ஈடாகப் புதுவேர் விடுகின்றன. அதோடு, இவ்விரண்டுக்கும் மண்ணுக்கு அடியிலும் தண்டு ஓடுவதால், மேல்வேர் அரிக்கப்பட்டாலும் கணுக்களிலிருந்து மீண்டும் துளிர்க்க முடியும். "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி" என்று நம் முன்னோர் வாழ்த்தியது இதைப் பார்த்துத்தான் போலும். பஃபலோவுக்கோ தரைமேல் ஓடும் தண்டு மட்டுமே உண்டு. அதை மண்ணோடு பிடித்திருக்கும் வேர் போய்விட்டால் பாயைச் சுருட்டுவதுபோல் சுருட்டிவிடலாம். (அமெரிக்கர்கள் பஃபலோ என்று சொல்வது வேறொரு புல், அவர்கள் தரும் கணக்கை இதற்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.) இன்னொன்று: ஹடீடா மண்புழுவையும் தின்னும், ஆகவே அது வந்து கொத்துவதை மட்டும் வைத்துப் புழு இருக்கிறதென்று முடிவு கட்ட முடியாது.

மாரிட்ஸ்பர்க் அக்கா:
அண்ணன் சொல்வது கோடைக்குப் பொருந்தும். தெற்கில் இருக்கும் நமக்குச் சித்திரையில் கோடை முடிந்து, இப்போது மண் குளிரத் தொடங்கிவிட்டது. இனி இழக்கும் வேரைப் புல்லால் வசந்தம் வரை ஈடுகட்ட முடியாது. நான் பராமரிக்கும் விளையாட்டுத் திடலில் ஓர் ஆண்டு கிகுயுவை மிகக் குட்டையாக வெட்டிவிட்டோம். மேலே பச்சை குறையவில்லை, ஆனால் மே மாதத்தில் ஒரு பையன் சறுக்கி விழுந்தபோது அவன் காலணியோடு புல்லும் தகடாகப் பெயர்ந்து வந்தது. இலையைக் குறைத்தால் வேரும் குறையும் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

தண்ணீர் விஷயத்தில் காலம் பார்க்க வேண்டும். வண்டு முட்டையிடும் வசந்தத்தில் ஈரமான தரை அதற்கு வசதி, ஏனெனில் முட்டை மண்ணின் ஈரத்தை உறிஞ்சித்தான் பருக்கிறது. புழு வளர்ந்து வேரைத் தின்னும் கோடைக் கடைசியில் ஆழமாக நீர் பாய்ச்சினால் புல் பிழைக்கும். இமிடாகுளோபிரிட் போன்ற மருந்துகள் புதிதாகப் பொரித்த குஞ்சுப் புழுக்களிடம்தான் நன்றாக வேலை செய்யும். சுண்டுவிரல் பருமனாகிவிட்ட புழுவுக்கு அவற்றை ஊற்றுவது பெரும்பாலும் வீண்செலவு. வெள்ளைப்புழுவைக் கொல்லும், கண்ணுக்குத் தெரியாத நன்மை செய்யும் நூற்புழுக்களை வாங்கி, தரையை நன்றாக நனைத்து, வெயில் இறங்கிய பிறகு இடுங்கள். வெயில் பட்டால் அவை செத்துவிடும்.

சாட்ஸ்வர்த்வாசி:
இருவருக்கும் நன்றி. இன்று காலை கிகுயுவை இரு கையாலும் பற்றி இழுத்தேன், அசையவில்லை. பஃபலோவோ ஒட்டுமுடிபோல் கையோடு வந்துவிட்டது, அடியில் ஒரு சதுர அடிக்குள் பதினொரு புழுக்கள் இருந்தன. ஆகவே நிழல் பக்கத்துக்கு மட்டும் நூற்புழு இடுகிறேன், கிகுயுவுக்கு நீர் பாய்ச்சி வெட்டும் உயரத்தைக் கூட்டுகிறேன். பெயர்ந்த புல்லைத் திரும்பப் பதித்து மிதித்துவிட்டால் வேர் பிடிக்குமா, அக்கா?

மாரிட்ஸ்பர்க் அக்கா:
புழுவைப் பொறுக்கிவிட்டு இப்போதே பதியுங்கள், கடற்கரைப் பக்கத்தில் இன்னும் சூடு இருக்கிறது. காவடி முடியும் வரை அதன்மேல் நாற்காலி போட வேண்டாம்.