மறுமணக் குடும்பங்களைப் பற்றிய படங்கள் வேண்டும்

நண்பர்களே, வணக்கம். என் தங்கை தை மாதம் மறுமணம் செய்துகொண்டாள். அவளுக்கு ஒரு மகள், மாப்பிள்ளைக்கு ஒரு மகன். துணி அலமாரியில் யாருக்கு எந்தத் தட்டு என்பதில்கூடப் பிள்ளைகளுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை. நால்வரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்க நல்ல படங்கள் சொல்லுங்கள்.

தேடியவரை எரிச்சல்தான் மிச்சம். நம் படங்களில் பெரும்பாலும் பழைய துணை செத்தால்தான் புதிய துணைக்கு இடம் கிடைக்கிறது. 'ரிதம்' (2000) அப்படித்தான். 'என்னை அறிந்தால்' (2015) படத்தில் அஜித்தும் சிறுமியும் ஊர் ஊராகச் சுற்றுவது அழகு; ஆனால் அதற்குள் தாயைக் கொன்றுவிட்டார்கள். விவாகரத்தான அப்பா ஞாயிற்றுக்கிழமை வாசலில் வந்து நிற்கும் வீடு எங்கே?

அமெரிக்கப் படமான 'பாய்ஹுட்' (2014) ஓரளவு நெருங்கி வருகிறது. அதில் குடிகார மாற்றாந்தந்தை, பையனின் நீண்ட முடியைக் கட்டாயப்படுத்தி ஒட்ட வெட்டவைக்கிறார். பிறகு தாய் தன் பிள்ளைகளை மட்டும் கூட்டிக்கொண்டு வெளியேறுகிறாள். அவருடைய பிள்ளைகள் அங்கேயே விடப்படுகிறார்கள். படம் அவர்கள் பக்கம் திரும்புவதே இல்லை. அருமையான படம்தான், ஆனால் புதுக் குடும்பத்துக்கு இதைப் போட்டுக் காட்டினால் என்னை வீட்டுக்குள் சேர்ப்பார்களா? 'ஸ்டெப்மாம்' (1998) பார்த்தாயிற்று. அங்கும் தாய்க்குப் புற்றுநோய்.

யாரும் சாகாத, சித்தி கொடுமைக்காரியாகவோ தெய்வமாகவோ இல்லாத படம் எந்த மொழியில் இருந்தாலும் சரி. தமிழ் சப்டைட்டில் இருந்தால் உத்தமம். எந்தத் தளத்தில் கிடைக்கும் என்பதையும் குறிப்பிடுங்கள்.