பொறிவண்டை விரட்டும் எறும்பு: இதில் யாருக்கு என்ன லாபம்?

தொட்டிச்செடி கேட்டது:
என் செம்பருத்தியில் கொழுந்து முழுக்க அசுவினி, அதுதான் சாறு குடிக்கும் அந்தச் சின்னப் பூச்சி. மருந்து அடிக்க மனமில்லை, பொறிவண்டு வந்து தின்னட்டும் என்று காத்திருந்தேன். நேற்று ஒன்று வந்தது. தண்டில் ஏறிக் கொஞ்ச தூரம் போவதற்குள் மூன்று எறும்புகள் பாய்ந்து காலைக் கடித்தன. வண்டு பொத்தென்று மண்ணில் விழுந்தது. மறுபடி ஏறியது, மறுபடி அதே கதை. எறும்பு ஏன் அசுவினியைத் தின்னாமல் காவல் காக்கிறது? செடிக்கு இதில் ஏதாவது உண்டா, இல்லை அதன் செலவில் இரண்டு பேர் பிழைக்கிறார்களா?

பூச்சிப்பித்து:
செலவு செடியுடையதுதான். செடியின் சாற்றில் சர்க்கரை ஏராளம், அமினோ அமிலம் சொற்பம். அந்தச் சொற்பத்துக்காக அசுவினி நிறையக் குடிக்க வேண்டியிருக்கிறது. மிஞ்சிய சர்க்கரை பின்பக்கமாகச் சொட்டுகிறது. எறும்பு உணர்கொம்பால் தடவிக் கொடுத்தால் ஒரு துளி வரும். கிட்டத்தட்ட பால் கறப்பதுதான்!

நீங்கள் எண்ணாமல் விட்ட ஆள் ஒன்று உண்டு. அசுவினியின் உடலுக்குள் புக்னெரா என்ற பாக்டீரியா இருக்கிறது. சாற்றில் கிடைக்காத அமினோ அமிலங்களை அதுதான் செய்து தருகிறது. 10 கோடி ஆண்டுகளுக்கும் மேலாகத் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும் சொத்து. அது இல்லாமல் அசுவினி சரியாக வளராது, அசுவினி இல்லாமல் அதற்கும் பிழைப்பில்லை.

எறும்பின் காவலை நட்பு என்று சொல்ல எனக்குத் தயக்கம். புரதம் தேவைப்பட்டால் அதே எறும்பு அதே அசுவினியைத் தின்னும். ஏமாறவும் செய்யும்: பஞ்சு போர்த்த அசுவினி ஒன்று உண்டு. அதைத் தின்ன வரும் ஒரு பூச்சியின் புழு, அந்தப் பஞ்சைப் பிடுங்கித் தன் முதுகில் போட்டுக்கொண்டு காவலைத் தாண்டிவிடும். பசுத்தோல் போர்த்திய புலியேதான்.

முள்மரம்:
எறும்பு என்றாலே செடிக்கு நஷ்டம் என்று முடிவுகட்ட வேண்டாம். கென்யாவில் ஒரு வேலமரம், உப்பிய முள்ளை வீடாகவும் தேனைச் சம்பளமாகவும் எறும்புக்குக் கொடுக்கிறது. யானை, ஒட்டகச்சிவிங்கி வாய் வைத்தால் எறும்பு கடிக்கும். 1995-இல் சில மரங்களைச் சுற்றி வேலி போட்டுப் பெரிய விலங்குகளைத் தடுத்துப் பார்த்தார்கள். மரம் செழித்திருக்கும் என்றுதானே நினைப்போம்? பத்து வருடத்தில் மரம் சம்பளத்தைக் குறைத்துவிட்டது. காவல் எறும்பு பலவீனமாகி, வருமானத்துக்குச் சாறுறிஞ்சிகளை வளர்க்க ஆரம்பித்தது. அந்த இடத்தை வேறொரு எறும்பு பிடித்தது. அது தண்டைத் துளைக்கும் வண்டுப் புழுவின் பொந்தில் குடியிருப்பது, மரத்தைக் காக்காது. கடைசியில் வேலிக்குள் இருந்த மரங்கள்தான் மெதுவாக வளர்ந்தன, அதிகம் செத்தன. 2008-இல் வெளியான ஆய்வு. எதிரி இருந்தால்தான் அந்த ஒப்பந்தமே நிற்கிறது.

பூச்சிப்பித்து:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவர் செம்பருத்திக்கு யானை வராது. தண்டில் நாடா சுற்றி அதன் மேல் பசை தடவுங்கள், எறும்பு ஏறாது. இலை எதுவும் சுவரைத் தொடக்கூடாது, அதுவே பாலமாகிவிடும்.

தொட்டிச்செடி:
பத்து நாள் ஆயிற்று. நீங்கள் சொன்ன பாலம் இரண்டாம் நாளே அமைந்துவிட்டது. அந்தக் கிளையை வெட்டிய பிறகுதான் எறும்பு நின்றது. பொறிவண்டு திரும்பவில்லை. ஆனால் சில அசுவினிகள் பழுப்பாக உப்பி, அசையாமல் ஒட்டிக் கிடக்கின்றன. ஒன்றின் முதுகில் வட்டமாக ஓட்டை. இது யார் வேலை?

பூச்சிப்பித்து:
ஒட்டுண்ணிக் குளவி! அசுவினிக்குள் முட்டையிடும், புழு உள்ளேயே தின்று வளர்ந்து, குளவியாகி ஓட்டை போட்டு வெளியேறும். எறும்பு இருந்தவரை அதையும் விரட்டியிருக்கும். ஓட்டை விழாத உருண்டைகளைக் கிள்ளி எறிந்துவிடாதீர்கள், உள்ளே ஆள் இருக்கிறது.