முதல் நிலை விரைப்புற்று: ரத்தக் குறிப்பான்களோடு எங்கள் அனுபவம்

வலது விரையில் வலியில்லாத ஒரு கட்டி தட்டுப்பட்டு, அது புற்றாக இருக்கக்கூடும் என்று அல்ட்ராசவுண்டில் தெரியவந்ததும், மருத்துவர் முதலில் ரத்தம் எடுக்கச் சொன்னார். விரைப்புற்று இருந்தால் ரத்தத்தில் உயரக்கூடிய குறிப்பான்களான ஏஎஃப்பி, பீட்டா ஹெச்சிஜி, எல்டிஹெச் ஆகிய மூன்றையும் விரையை அகற்றுவதற்கு முன்பே அளந்து வைத்தால்தான் பின்னால் வரும் எண்களுக்குப் பொருள் இருக்கும் என்று விளக்கினார். இதே நிலையில் இருப்பவர்கள் இந்தப் பரிசோதனையைக் கேட்டாவது செய்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எனக்கு ஏஎஃப்பி 320 இருந்தது. அறுவைக்குப் பின் வந்த முதல் அறிக்கையிலும் அது இயல்பு வரம்புக்கு வெகு மேலே நின்றதால் வீட்டில் எல்லோரும் கலங்கிப் போனார்கள். மருத்துவர் அந்த அறிக்கையின் பின்புறத்தில் 320, 160, 80, 40, 20, 10 என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் காட்டினார். ஏஎஃப்பியின் அரை ஆயுள், அதாவது அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் காலம், 5 முதல் 7 நாட்கள் என்பதால், கட்டி முழுவதும் வெளியேறிய பிறகும் என் அளவு இயல்புக்குத் திரும்ப ஐந்து வாரங்கள் வரை ஆகலாம். ஹெச்சிஜி இதைவிட விரைவாக, ஓரிரு நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். இறங்கவேண்டிய எண் பாதியில் நின்றுவிட்டாலோ மறுபடி ஏறினாலோ, ஸ்கேனில் ஒன்றும் தெரியாதபோதும் நோய் எங்கோ எஞ்சியிருப்பதாகக் கொண்டு, அதை 1எஸ் என்று தனியாக வகைப்படுத்தி முழுமையான கீமோதெரபி தருவார்கள். என் எண்கள் அவர் எழுதிய வரிசையை ஒட்டியே இறங்கின.

ஆனால் குறிப்பான்கள் இயல்புக்கு வந்துவிட்டதால் நோய் திரும்பாது என்று சொல்லிவிட முடியாது. விரைப்புற்றின் இரு பெரும் வகைகள் செமினோமா, நான்-செமினோமா; எனக்கு வந்த நான்-செமினோமா வகையில் அந்த அபாயத்தைக் கணிக்க உதவியது, அகற்றிய விரையைச் சோதித்த பயாப்சி அறிக்கைதான். கட்டி ரத்தக் குழாய்களுக்குள்ளோ நிணநீர்க் குழாய்களுக்குள்ளோ நுழைந்திருந்தால் ஏறத்தாழ பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது. நுழையாதிருந்தால் சுமார் 15 சதவீதம் பேருக்கு. எனக்கு அந்த ஊடுருவல் இல்லாததால் கீமோ இல்லாத தொடர் கண்காணிப்பைத் தேர்ந்தெடுத்தேன்.

*

என் தம்பிக்கு வந்தது தூய செமினோமா. அந்த வகை ஏஎஃப்பியைச் சுரப்பதில்லை. பயாப்சியில் செமினோமா என்று வந்து, ஏஎஃப்பி உண்மையாகவே உயர்ந்திருந்தால் அதை நான்-செமினோமாவாகக் கருதியே சிகிச்சை அளிப்பார்கள். அவனுக்கு ஏஎஃப்பி இயல்பாகவே இருந்தது. கட்டி 4 செ.மீ.க்கு மேல் இல்லை என்பதும், விரைக்குள் விந்துக் குழாய்கள் ஒன்றுகூடும் ரீட்டி டெஸ்டிஸ் பகுதிக்குள் அது நுழையவில்லை என்பதும், நோய் திரும்பும் அபாயம் குறைவு என்று காட்டியதால், பெரிய ஆறுதலாக இருந்தன.

அறுவைக்குப் பின் சில மாதங்கள் கழித்து ஹெச்சிஜி மட்டும் வரம்பைச் சற்றே தாண்டியது. அப்போது அவசரப்பட்டுக் கீமோவைத் தொடங்காத மருத்துவருக்கு எங்கள் குடும்பம் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் குறைந்தால் பிட்யூட்டரி சுரப்பி தூண்டப்பட்டு, அதனாலும் ஹெச்சிஜி சற்று உயர்ந்து தெரியலாம் என்று சொல்லி, டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுவிட்டு மறுபடி அளந்தார். எண் இயல்புக்கு இறங்கியது.

*

ஆய்வகத்தில் பணிபுரிபவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். எல்டிஹெச் மட்டும் உயர்ந்திருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம்; ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் சிதைந்தாலே அது ஏறிவிடும், அத்தகைய மாதிரியின் சீரம் இளஞ்சிவப்பாகத் தெரியும். கல்லீரல் பாதிப்பில் ஏஎஃப்பி உயரக்கூடும். முடி வளர்ச்சிக்காகப் பலர் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை, சில கருவிகளில் ஹெச்சிஜி அளவைக் குறைத்துக் காட்டிவிடும் என்பதால், அதை உட்கொள்பவர்கள் ரத்தம் கொடுக்கும் முன் அவசியம் தெரிவிக்க வேண்டும்.

மைக்ரோ ஆர்என்ஏ 371 என்ற புதிய குறிப்பானைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். 2019இல் வெளியான பெரிய ஆய்வொன்றில் அது சுமார் 90 சதவீத நோயாளிகளிடம் நோயைக் காட்டியது. பழைய மூன்றையும்விட இது மிகவும் மேலானது. செமினோமாவையும் அது காட்டும், டெரட்டோமா என்ற கட்டி வகையை மட்டும் காட்டாது. எனினும் நோய் விரையோடு நின்றிருக்கும் முதல் நிலையில், அறுவை முடிந்த உடனேயே அதை அளந்து யாருக்கு நோய் திரும்பும் என்று முன்கூட்டிச் சொல்வது இன்னும் நம்பகமாகக் கைகூடவில்லை. திரும்பிய நோயைக் கண்டுகொள்வதில்தான் அதன் வலிமை இருக்கிறது. ஆகவே அந்தப் பரிசோதனை கிடைத்தாலும், மருத்துவர் குறித்துக் கொடுத்த ஸ்கேன் தேதிகளை யாரும் தவறவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.