புதுப்பிப்பு: கான்டெஸாவின் கல் பெடல்

போன முறை புலம்பியது: 1800 பெட்ரோல் கான்டெஸா கார், பவர் பிரேக்கில் முதல் மிதி பரவாயில்லை, நெரிசலில் அடுத்தடுத்து மிதித்தால் பெடல் கல்லாக இறுகுகிறது. மிதியை பிரேக் எண்ணெய் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றச் சொன்னவர்கள்தான் அதிகம். மாற்றவில்லை. அது போனால் பெடல் மெல்ல உள்ளே இறங்கும், இறுகாது.

மிதிக்கு பலம் கூட்டும் பூஸ்டர் என்ஜினின் உறிஞ்சலில் இயங்குவது. அது வேலை செய்கிறதா என்று பார்க்க, என்ஜினை அணைத்து நாலைந்து தடவை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தால் பெடல் உடனே கொஞ்சம் இறங்க வேண்டும். அசையவில்லை. உறிஞ்சலை அளக்க வேக்குவம் கேஜ் வைத்தோம். என்ஜினுக்குள் காற்று போகும் மானிஃபோல்டில் சட்டென்று 18 அங்குலம் (பாதரச அளவு), சரியான உறிஞ்சல். பூஸ்டர் முனையில் முள் சோம்பேறித்தனமாக ஏறியது. அப்போ நடுவில் இருக்கும் ஹோஸ்தான்.

வெளியே பார்க்கப் புதுசு போல இருந்தது. நீளவாக்கில் கிழித்தால் உள்ளடுக்கு உரிந்து நாக்கு மாதிரி தொங்குகிறது! என்ஜின் உறிஞ்ச உறிஞ்ச அதுவே வழியை அடைத்திருக்கிறது.

பிரேக் பூஸ்டருக்கென்றே வரும் தடித்த ஹோஸ் போட்டாச்சு. பெட்ரோல் ஹோஸை மாட்டிவிடாதீர்கள், உறிஞ்சலில் அமுங்கிவிடும். காற்றை ஒரே திசையில் விடும் செக் வால்வையும் கழற்றி ஊதிப் பார்த்தேன்; பூஸ்டர் பக்கமிருந்து மட்டும் காற்று போனது, நல்லதுதான்.

இப்போது என்ஜினை அணைத்து அரை மணி கழித்தும் முதல் மிதி மெத்தென்று இருக்கிறது. பிரேக் பிடித்தால் லேசாக இடப்பக்கம் இழுக்கிறது, அது சக்கரத்தில் பிரேக் கட்டையை அழுத்தும் காலிப்பர் சமாச்சாரம். அப்புறம் எழுதுகிறேன்.