பிஎம்பிக்குத் தமிழ்ப் பெயர், வெள்ளிக்கு முதல் வேண்டும்

கிளிநொச்சியிலிருந்து:
எல்லோருக்கும் வணக்கம். வாய்ப்புற்றுநோய்க் கைந்நூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தாடையெலும்பு எடுக்கப்பட்டவர்களுக்கான பகுதியில் 'போன் மோர்ஃபோஜெனெட்டிக் புரோட்டீன்', சுருக்கமாக பிஎம்பி, வருகிறது. எலும்பை வளரச் செய்யும் புரதம். அமெரிக்காவில் 2002இல் முதுகெலும்புச் சத்திரசிகிச்சைக்கும் 2007இல் தாடைக்கும் அனுமதித்தார்கள். ஆனால் புற்றுக்கட்டி உள்ள இடத்திலோ, அதை வெட்டியெடுத்த இடத்திலோ வைக்கக் கூடாதென்று அதன் பாவனைக் குறிப்பே சொல்கிறது. 'எலும்பு வளர்ச்சிப் புரதம்' என்று போட்டிருக்கிறேன். சரிதானே?

முள்ளியவளையிலிருந்து:
சரியில்லைத் தங்கச்சி. பால்மா விளம்பரம் மாதிரி இருக்கிறது, சனம் பாமசியில் போய்க் கேட்கும். அதோடு இது வளர்ப்பதற்கு மட்டுமான புரதமில்லை. கருவில் விரல்களுக்கு நடுவே இருக்கும் கலங்களைச் சாகச் செய்து விரல்களைப் பிரிப்பதிலும் இதற்குப் பங்குண்டு. வாய்ப்புற்றுக் கலங்களில் இதன் ஒரு வகையான பிஎம்பி-2ஐச் சேர்த்துப் பார்த்த சில ஆய்வுகூடச் சோதனைகளில், பக்கத்து இழையங்களுக்குள் அவற்றின் ஊடுருவல் கூடியிருக்கிறது. எல்லா ஆய்வும் அப்படிச் சொல்லவில்லை. 'வளர்ச்சி' என்று எழுதினால் இந்தச் சந்தேகமெல்லாம் மறைந்துபோகும். மோர்ஃபோ என்றால் உரு. 'என்புருவாக்கப் புரதம்' என்று போடுங்கோ. எங்கள் பாடநூலிலும் எலும்புக்கு என்புதானே.

வவுனியாவிலிருந்து:
மாஸ்டருக்கு நன்றி. அன்புடைமை அதிகாரம் ஒன்றிலேயே என்பு நான்கு முறை வருகிறது. மலையாளத்தில் எல்லு, கன்னடத்தில் எலுபு, தெலுங்கில் எமுக. ஆக வேர் 'எல்'. எல் என்றால் ஒளி, பகல், ஞாயிறு. தசைக்குள்ளே வெளிச்சமாய்த் தெரிவதால் எல்பு, அதுவே என்பு ஆகியிருக்கும் என்பது என் ஊகம். புரதம் வடசொல் வாடை வீசுகிறது, அதற்கும் ஒன்று பார்க்க வேண்டும்.

மாங்குளத்திலிருந்து:
ஐயா, வேர் பிடுங்கிக்கொண்டே போனால் வெள்ளி போய் ஞாயிறு வந்துவிடும். இதை வாசிக்கப்போவது வெற்றிலைத் தட்டத்தோடு இருக்கும் அம்மாவும் அவவின் மகளும். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் தரும் என்று 2004இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வெளியிட்டதை முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடுங்கோ, அது இதைவிட அவசியம். பெயர் பொருந்தவில்லை என்கிறீர்கள், ஆங்கிலத்தில் மட்டும் பொருந்துகிறதா? கல்சியம் நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தபோது அங்கே புது எலும்பு உருவானதை அமெரிக்க எலும்பு மருத்துவர் யூரிஸ்ட் 1965இல் எழுதினார், அந்த எலும்பு பெயரில் ஒட்டிக்கொண்டது. பிஎம்பி-1 மற்றப் பிஎம்பிகளின் குடும்பமே இல்லை, வெட்டும் வேலை செய்யும் ஒரு நொதியம். இருந்தும் பெயர் மாறவில்லை. எனக்கு எலும்புதான்.

முள்ளியவளையிலிருந்து:
எலும்பு என்றே வைப்போம், ஆனால் 'வளர்ச்சி' வேண்டாம்.

கிளிநொச்சியிலிருந்து:
அப்ப 'எலும்புருவாக்கப் புரதம்'. பக்கத்திலேயே பிஎம்பி என்று தமிழெழுத்தில் போடுகிறேன், கிளினிக்கில் அப்படித்தான் காதில் விழும். மூன்று பேர் சரியென்றாயிற்று.

வவுனியாவிலிருந்து:
நான் உடன்படவில்லை, பதிந்துகொள்ளுங்கள். பின்னிணைப்பிலாவது என்பு வரட்டும்.

மாங்குளத்திலிருந்து:
பின்னிணைப்பில் என்னவும் போடலாம். இன்னொன்று: புற்று 'ஊடுருவல்' என்று ஏழாம் பக்கம் முழுக்க இருக்கிறது. எங்கள் சனம் அந்தச் சொல்லை எந்தச் செய்திகளில் கேட்டது என்று தெரியும்தானே. வேறு சொல் பாருங்கோ.

முள்ளியவளையிலிருந்து:
'பரவல்' என்றால் வேறு உறுப்புக்குப் போவது என்றாகிவிடும். 'உட்புகல்'?

வவுனியாவிலிருந்து:
உட்புகல் நல்ல சொல். புகு என்னும் வினையடியை எடுத்துக்கொண்டால்…