மறு: ‘பேக்ஸ்பேசிங்’, ‘டப்’ – உள்ளாழம், சக்கரக்கூடு என்று எழுதலாம்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

பழைய அமெரிக்க மசில் கார்களின் (பெரிய எஞ்சின் பூட்டிய வேகக் கார்களின்) பின்பக்கத்தில் அகலமான டயர் பூட்டுவது பற்றிய கட்டுரைக்குத் தமிழ்க் கலைச்சொற்கள் தேடி ஐயா தொடங்கிய இழையை முதலிலிருந்து படித்தேன். டெட்ராய்ட் பக்கத்தில் குடியிருப்பதால் இந்தக் கார்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஆகஸ்டில் உட்வர்ட் சாலையில் நடக்கும் பவனிக்குப் போனால் பின்சக்கரத்தின் அருகே குனிந்து பார்ப்பதுதான் என் முதல் வேலை. ‘பேக்ஸ்பேசிங்’ (சக்கரத்தின் உள்விளிம்பிலிருந்து அது காரில் பூட்டப்படும் முகம் வரையுள்ள அளவு), ‘டப்’ (பின்சக்கரத்தை மூடும் தகர மறைப்பு) இரண்டுக்கும் இங்கே வந்திருக்கும் பரிந்துரைகளை என்னால் ஏற்க முடியவில்லை. காரணங்களை வேலையின் பக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

> பேக்ஸ்பேசிங் = பின்னிடைவெளி. எளிமையாக இருக்கிறது, மூலத்தோடும் ஒத்துப்போகிறது.

மூலத்தோடு ஒத்துப்போவதுதான் இதன் கோளாறு. ‘பின்’ என்றதும் படிப்பவர் காரின் பின்பக்கத்தை நினைப்பார். இங்கே பின் என்பது சக்கரத்தின் உட்புறம், அதாவது காரின் அடிப்பகுதியைப் பார்த்திருக்கும் பக்கம். முன்சக்கரத்துக்கும் இதே அளவு உண்டு. ‘முன்சக்கரத்தின் பின்னிடைவெளி’ என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள், குழப்பம் விளங்கிவிடும். ‘இடைவெளி’யும் பொருந்தவில்லை. டயருக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே, டயருக்கும் மட்கார்டு விளிம்புக்கும் நடுவே விட வேண்டிய வெற்றிடம்தான் இடைவெளி. கட்டுரையில் அந்தச் சொல் பத்து இடங்களில் தேவைப்படும். அதைச் சக்கரத்தின் ஓர் அளவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டால் அங்கே என்ன எழுதுவது?

இதை எப்படி அளக்கிறார்கள் என்று பார்த்தால் சொல் தானாகவே கிடைக்கிறது. டயர் இல்லாத சக்கரத்தை அதன் முகம் தரையில் படும்படி கவிழ்த்துப் போடுகிறார்கள். இப்போது உட்புற விளிம்பு மேலே இருக்கிறது. அந்த விளிம்பின் குறுக்கே நேரான ஓர் இரும்புப் பட்டையை வைத்து, அதிலிருந்து டேப்பைச் செங்குத்தாக உள்ளே இறக்குகிறார்கள். போல்ட்டுத் துளைகள் இருக்கும் பரப்பில், குடத்தோடு ஒட்டி உட்காரும் முகத்தில், டேப் முட்டுகிறது. அந்த அளவுதான் பேக்ஸ்பேசிங். தமிழ் அறிந்த எவரும் இதை ஆழம் என்றுதான் சொல்வார். ஆகவே ‘உள்ளாழம்’ என்கிறேன். அதே முகத்திலிருந்து வெளிப்புற விளிம்பு வரை உள்ளது ‘வெளியாழம்’. இரண்டையும் கூட்டினால் சக்கரத்தின் மொத்த அகலம். மூன்று சொற்களும் ஒன்றையொன்று விளக்கிக்கொள்கின்றன.

(மேலே குடம் என்று எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அச்சின் நுனியில் சக்கரம் பூட்டப்படும் ‘ஹப்’ என்பதற்கு ‘மையத்துண்டு’ வேண்டாம். மாட்டுவண்டிச் சக்கரத்துக்குக் குடம், ஆரக்கால், வட்டை என்று தச்சர்கள் வைத்த பெயர்கள் இன்னும் அழிந்துவிடவில்லை. குடத்தைக் குடம் என்றே எழுதுவோம்.)

இந்த ஒரு சொல்லுக்காக நான் இவ்வளவு மல்லுக்கு நிற்கக் காரணம், பெரிய டயர் பூட்டும் வேலை முழுவதும் இந்த ஒரே அளவில்தான் நிற்கிறது. 8 அங்குலச் சக்கரம் என்று விற்பதை விளிம்புக்கு விளிம்பு அளந்தால் ஏறத்தாழ 9 அங்குலம் வரும். டயரின் ஓரம் உட்காரும் இடத்தில் எடுத்த அளவைத்தான் அகலம் என்று குறிப்பார்கள், விளிம்பின் தடிப்பு அதில் சேராது. அந்தச் சக்கரத்தின் உள்ளாழம் நாலரை அங்குலம் என்றால் வெளியாழமும் நாலரை. அதில் 275/60-15 அளவுள்ள டயரை ஏற்றுகிறோம். அதில் முதல் எண் டயரின் அகலம்; 275 மில்லிமீட்டர் என்பது 11 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. ஆகவே டயரின் விலாப்புறம் இருபக்கமும் விளிம்பைத் தாண்டி முக்கால் அங்குலத்துக்கு மேல் புடைத்து நிற்கும். குட முகத்திலிருந்து உள்ளே ஐந்தே கால் அங்குலத்துக்கு மேல், வெளியேயும் அதே அளவு.

இனி 10 அங்குலச் சக்கரத்துக்குப் போகலாம். மொத்த அகலம் 11. மட்கார்டு விளிம்பு இருந்த இடத்தில்தான் இருக்கிறது, வெளியாழத்தை நாலரைக்கு மேல் கூட்ட வழியில்லை. மீதி ஆறரை அங்குலமும் உள்ளாழமாகத்தான் வர வேண்டும். கூடிய அகலம் அத்தனையும் காரின் உள்நோக்கித்தான் வளர்கிறது. அங்கே பட்டை ஸ்பிரிங் காத்திருக்கிறது, அதற்கு அப்பால் அடிச்சட்டம். ‘உள்ளாழம் ஆறரை’ என்று எழுதினால் டயர் எந்தத் திசையில் போய் எதில் முட்டும் என்று வாசகருக்கு அந்தச் சொல்லிலேயே தெரிந்துவிடும். ‘பின்னிடைவெளி ஆறரை’ என்று எழுதினால் ஸ்பிரிங்குக்கு ஆறரை அங்குல இடம் மிச்சமிருக்கிறது என்று ஒருவர் நம்பிப் பணத்தைக் கொட்டிச் சக்கரம் வாங்கிவிடுவார். கலைச்சொல் தவறினால் இப்படி ஆளைத் தவறான பொருளை வாங்கவைக்கும்.

‘ஆஃப்செட்’ வேறு அளவு. அது சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து குட முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. அதற்கு ‘நடுவிலகல்’ என்று அம்மா முன்வைத்திருப்பது மிகப் பொருத்தம். அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

> டப்பிங் = தொட்டியாக்கம்?

இது வேண்டவே வேண்டாம். ‘டப்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தொட்டி என்று பொருள் இருந்தாலும், காரில் தொட்டி என்றால் பெட்ரோல் தொட்டிதான். இங்கே நடப்பது தகர வேலை. பின்சக்கரத்தை மூடியபடி டிக்கியின் உள்ளேயும் பின் இருக்கையின் ஓரத்திலும் உப்பலாகத் தெரிகிறதே ஒரு தகர மறைப்பு, அதைத்தான் ‘டப்’ என்கிறார்கள். அதை ‘சக்கரக்கூடு’ என்போம். கூடு என்ற சொல் உள்ளே ஒன்று இருப்பதையும் சுற்றி மூடியிருப்பதையும் ஒருசேரச் சொல்லிவிடுகிறது.

அகல டயருக்கு இடம் செய்ய அதை மாற்றுவதில் இரண்டு நிலைகள் உண்டு. இங்கே சொற்களைப் பிரிக்காவிட்டால் கட்டுரை பயன்படாது. 1967 முதல் 1969 வரையிலான செவ்ரோலே கமாரோ காரை எடுத்துக்கொள்கிறேன். முதல் நிலையில் அடிச்சட்டத்தை அதன் இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். கூட்டின் உட்சுவரைப் புள்ளி வெல்டிங்குகளில் துளையிட்டுப் பெயர்த்து, ஆழமான புதிய தகரத்தைச் சட்டத்தை ஒட்டி வைத்து வெல்டிங் செய்கிறார்கள். ஸ்பிரிங்கையும் உள்ளே நகர்த்த வேண்டும். டிக்கி மூடியின் கீலைத் தாங்கும் பட்டையைக் கொஞ்சம் வெட்ட வேண்டியிருக்கும், பின் இருக்கையின் ஓரங்களையும் குறைக்க வேண்டியிருக்கும். இருக்கை பிழைத்துவிடும். இந்த வேலை ‘கூடு அகலிப்பு’. நன்றாகச் செய்தால் 335 மில்லிமீட்டர் டயர்கூட உள்ளே போகும். அந்தக் காலத்தில் அதே கார் சில மாடல்களில் F70-14 என்ற, இதைவிட மிகக் குறுகலான டயரோடு ஆலையிலிருந்து வந்தது என்பதை நினைத்தால் வித்தியாசம் புரியும்.

இரண்டாம் நிலையில் அடிச்சட்டத்தையே வெட்டி எடுத்துவிட்டு, குறுகலான புதிய சட்டத்தை வைக்கிறார்கள். பட்டை ஸ்பிரிங் போய்விடும், பின் இருக்கையும் பெரும்பாலும் போய்விடும். 1980-களில் சாலைக் காரைப் பந்தயக் கார் போல ஆக்கும் புரோ ஸ்ட்ரீட் என்ற பாணி பரவியபோது 31 அங்குல உயரம், 18.5 அங்குல அகலம் என்று பொறித்த டயர்கள் சாலையில் ஓடும் கார்களுக்குள் நுழைந்தது இந்த வழியில்தான். இதற்கு முதலில் தோன்றியது ‘சட்ட ஒடுக்கம்’. ஆனால் செய்தித்தாள் படிப்பவர் அதைப் பார்த்ததும் நீதிமன்றத்தை நினைப்பார். ‘அடிச்சட்டக் குறுக்கம்’ என்று வைக்கலாம். ஐகாரக்குறுக்கம், மகரக்குறுக்கம் என்று பள்ளியில் படித்த எவருக்கும் இது இயல்பாக ஒலிக்கும்: உள்ளது இல்லாமல் போகவில்லை, அளவில் குறைந்திருக்கிறது. அச்சின் குழாயை வெட்டிச் சிறிதாக்கும் வேலையும் உண்டு, அதற்கு ‘அச்சுக் குறுக்கம்’. ஃபோர்டின் ‘9 அங்குலம்’ எனப்படும் (அது உள்ளிருக்கும் பெரிய பல்சக்கரத்தின் விட்டம்) பின்அச்சை வாங்கி இப்படிக் குறுக்கிச் செவ்ரோலே கார்களிலும் பூட்டுகிறார்கள்.

> டிராக் ரேஸ் = இழுவைப் பந்தயம் என்று ஏற்கெனவே சில இடங்களில் இருக்கிறது.

இருக்கிறது, ஆனால் திருத்த வேண்டும். இயற்பியலில் இழுவை என்பது காற்று, நீர் போன்றவை தரும் எதிர்ப்பு. இந்தப் பந்தயத்தில் எதையும் எதுவும் இழுப்பதில்லை. இரண்டு கார்கள் நின்ற நிலையிலிருந்து கிளம்பி, கால் மைல், அதாவது 1320 அடி, நேர்கோட்டில் ஓடுகின்றன. இந்தப் பந்தயங்களை நடத்தும் தேசிய ஹாட் ராட் சங்கத்தை வாலி பார்க்ஸ் 1951-இல் தொடங்கினார். இந்த ஓட்டத்தின் மரபான தூரம் இதுதான், 2008 முதல் அந்தச் சங்கத்தின் அதிவேகப் பிரிவுகள் மட்டும் 1000 அடி ஓடுகின்றன. ‘கால் மைல் பந்தயம்’ என்றே எழுதலாம். அகல டயர் ஏன் பின்னால் மட்டும் என்பதையும் கட்டுரையில் சேர்த்துவிடுங்கள்: கிளம்பும் கணத்தில் காரின் பாரம் பின்னோக்கிச் சாய்கிறது, தள்ளும் வேலையும் பின்சக்கரத்துக்குத்தான். முன்சக்கரம் திசை காட்டினால் போதும் என்பதால் அதை மெல்லியதாக வைத்து எடையைக் குறைக்கிறார்கள்.

இடைவெளி பற்றி ஒரு குறிப்பு. கார் சும்மா நிற்கும்போது அளந்த இடைவெளியை நம்பக் கூடாது. பட்டை ஸ்பிரிங்கில் முதன்மைப் பட்டையை மட்டும் விட்டு மற்றவற்றைக் கழற்றி, ஜாக்கியால் அச்சை அது போகக்கூடிய உச்சி வரை தூக்கி, அங்கே அளக்க வேண்டும். திருப்பத்தில் பட்டை ஸ்பிரிங்கின் ரப்பர் புஷ்கள் நெளிந்து அச்சு பக்கவாட்டில் நகரும். அதையும் கணக்கில் எடுக்காவிட்டால் மட்கார்டின் உள்மடிப்பு டயரைச் சீவிவிடும். அந்த மடிப்பை மேல்நோக்கித் தட்டிப் படியவைக்கும் வேலைக்கு ‘விளிம்பு மடிப்பு’ போதும், புதுச்சொல் தேவையில்லை.

டயரின் உயரம் கூடினால் கடைசிப் பல்சக்கர விகிதமும் (சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் பக்கத்துத் தண்டு எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பது) குறைந்தது போலாகும். 26 அங்குல டயரிலிருந்து 28-க்குப் போனால் 3.73 என்ற விகிதம் 3.46 போல வேலை செய்யும். கிளம்பும் வேகம் மட்டுப்படும், வேகமானியும் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். இதற்கு ‘பயன் விகிதம்’ என்று எழுதலாம் என்பது என் கருத்து. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

மிஞ்சியிருப்பது ‘ஸ்லிக்’. தம்பி சொன்ன ‘மொட்டை டயர்’ கேட்க நன்றாக இருந்தாலும் தேய்ந்துபோன டயருக்கு அந்தப் பெயரை ஊரே வைத்துவிட்டது. ஓடத் தகாத டயரையும் பிடிப்புக்காகவே வரியின்றி வார்த்த டயரையும் ஒரே பெயரால் அழைக்க எனக்கு மனம் வரவில்லை. ‘வரியிலா டயர்’ எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் ‘வரி’ என்றால் பணம் கட்டுவது என்றும் பொருள் உண்டே என்று யாராவது கேட்கலாம். இதைவிட நல்ல சொல் வரும்வரை ‘ஸ்லிக் டயர்’ என்றே இருக்கட்டும். மற்றவற்றில் உடன்பாடு இருந்தால் ஐயா கட்டுரையைத் திருத்தத் தொடங்கலாம். உள்ளாழம் அளக்கும் முறைக்குப் படம் வரைந்து தருவது என் பொறுப்பு.

அன்புடன்